கெட்டுப்போன பிளக்

"புள்ளையைப் புதைச்ச மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள வளர்த்த ஆட்டை வித்துட்டு திருச்சிக்கு ரயிலேறிட்டான் நம்ம ராசாங்கம்."

அரியலூர் ஸ்டேஷனுக்கு முந்திரிக்கொட்டை மூட்டை ஏற்றிப்போன வண்டிக்கார சாமிதுரை, கண்ணால் பார்த்ததாகச் சொன்னான்.

பண்ணையார் வைரக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு நாளாகச் சோறு இறங்காமல் கிடந்த மனுஷர். அன்றைக்குத்தான் அவருக்கு வயிறு பசித்தது.

"பெத்த பாசமெல்லாம் இவனுங்களுக்கு அவ்வளவுதாண்டா. நாலு காசு கையில பாத்ததும் டவுனு கேக்குது" என்றார். அதோடு விடவில்லை. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், இதையே சொல்லித் தீர்த்தார். ராசாங்கம் மோசமானவனாக இருப்பது அவருக்கு அவ்வளவு தேவையாக இருந்தது.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததால் வந்த வினை.

ஆண்டிமடம் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் என்று ஒன்று இருந்தால் அது வைரக்கண்ணுவிடம்தான். யுத்த காலம், பெட்ரோலுக்குக் கூப்பன். ஓடுகிறதோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமையானால் வண்டியைப் புங்கமரத்தடிக்குக் கொண்டுவந்துவிடுவார். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முனையில் ரம்பத் தகட்டை விட்டு இடைவெளி பார்த்து மாட்டினால்தான் திருப்தி. இந்த வூட்டில் வாராவாரம் எண்ணெய்க் குளியல் அதற்கு மட்டும்தான் என்று அவர் மனைவி கமலவேணி கேலி செய்வாள்.

அன்றைக்கும் அப்படித்தான் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பண்ணையாள் ராசாங்கம் ஓடி வந்தான். தோளில் அவன் மகள் வேம்பு. ஏழு வயசு. முந்திரிக் காட்டில் சருகு அள்ளப் போனவளைப் பாம்பு கடித்துவிட்டது, வாயோரம் நுரை தள்ளியிருந்தது. மாட்டுவண்டியில் போனால் தாங்கமாட்டாள், மோட்டாரில் ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைத்துக்கொள்வாள் என்று கெஞ்சினான்.

வைரக்கண்ணு கெட்டவர் இல்லை என்றுதான் ஊரில் பேச்சு. அவருக்கும் மனசு பதறத்தான் செய்தது. ஆனால் சேரி ஆளை முதுகோடு ஒட்டி உட்காரவைத்துக்கொண்டு ஊர்த்தெரு வழியாகப் போகவேண்டுமே. பங்காளிகள் என்ன சொல்வார்கள்? அவர் யோசித்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"பிளக் கெட்டுப்போச்சு, ராசாங்கம். வேற பிளக் திருச்சியிலதான் கிடைக்கும். நீ மாட்டைப் பூட்டிக்கிட்டுப் போ."

கையிலிருந்ததை நீட்டிக் காட்டவும் செய்தார். இன்னும் சுரண்டாத பிளக், கரி அப்பிக் கறுத்துக் கிடந்தது. ராசாங்கம் பார்த்தான், நம்பினான், மாட்டைப் பூட்ட ஓடினான். பாதி வழியிலேயே வேம்பு அடங்கிப்போனாள்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற அந்த வாரம் முழுக்க வைரக்கண்ணு வண்டியைத் தொடவில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் மாட்டுவண்டியிலேயே போய்வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ராசாங்கமே இப்படி ஆகிப்போனான், இனி யாருக்குப் பயப்படுவது என்று வண்டியை மறுபடி மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். பிளக்கைச் சுரண்டித் தேய்த்து முடித்து, மாட்டலாம் என்று குனிந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் நிழல் தெரிந்தது. ராசாங்கம்தான். முழங்கால் வரைக்கும் புழுதி.

வைரக்கண்ணு சட்டென்று கையை மூடிக்கொண்டார்.

"என்னடா, திருச்சியெல்லாம் சுத்திப் பாத்தாச்சா?"

"ஆமாங்க ஆண்டே" என்றான் அவன். மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, வழக்கம்போல நாலடி பின்னால் தள்ளி நின்றான்.

மூடாத கையால் அதைப் பிரித்தார். உள்ளே புத்தம் புதுப் பிளக்.

அளவு எப்படிடா தெரிந்தது என்று மட்டும் கேட்டார்.

"போன வருசம் நீங்க ஒண்ணைக் குப்பையில போட்டீங்களே, அதை வேம்பு எடுத்துக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டுத் திரிவா. அதைக் காட்டித்தான் கடை கடையாக் கேட்டேன். ரெண்டு நாள் அலைஞ்சு ஒரு கடையில இருந்துச்சு. சண்டைக் காலம், பழசைக் குடுத்தாத்தான் புதுசு தருவேன்னுட்டாங்க. குடுத்துட்டேன்." அவன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எம் புள்ளைக்குத்தான் வண்டி ஆவல. இனிமே யாரு வூட்டுப் புள்ளைக்காச்சும் ஆவட்டுங்க."



போகத் திரும்பிய ராசாங்கம், தயங்கி நின்றான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கலாங்களா ஆண்டே? அவ வெளையாட்டுச் சாமான் கடையோட போயிடுச்சு. அன்னிக்குக் காட்டினீங்களே, அந்தக் கெட்டுப்போன பிளக்கு, அதைக் குடுத்தீங்கன்னா அவ குழிமேல வச்சுட்டு வந்துடுவேன்."

கேட்டுவிட்டு, இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து ஏந்தினான்.

அப்போதுதான் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிளக், மூடிய கைக்குள் வைரக்கண்ணுவின் உள்ளங்கையைக் குத்திக்கொண்டிருந்தது.