சிங்காரத்தின் வரிசை

ஒரு துளித் தண்ணீருக்குள் ஆயிரம் பொடி மணிகள் வரிசை பிசகாமல் நின்றிருந்தன. அவற்றுக்குள் ஒன்றுக்கொன்று ஆகவே ஆகாது. யாரும் யாரையும் அண்டவிடாததால், எல்லோருக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி. நட்டநடுவில் நின்ற சிங்காரம் என்ற மணியோ, எல்லாம் தன் அதட்டலுக்குப் பயந்துதான் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"அஞ்சலை, ஆடாம நில்லு!"

"ஓரத்துல நிக்கறேண்ணே. அந்தப் பக்கம் முறைக்க ஆளே இல்ல, ஆட்டம் தானா வருது."

அப்போது ஒரு உப்புக்கல் துளிக்குள் விழுந்து கரைந்தது. மணிகளின் வெறுப்பும் கூடவே கரைந்துபோயிற்று. முதலில் அஞ்சலைதான் இடத்தை விட்டு நகர்ந்து, பக்கத்து மணியிடம் "சௌக்கியமா?" என்றாள். அவ்வளவுதான்! ஓரத்திலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் கலைந்து, துளி முழுக்கச் சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது.

கத்திக் கத்திச் சிங்காரத்துக்குத் தொண்டை கட்டியது. "யார் போனா என்ன, நான் அசைய மாட்டேன்!" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அஞ்சலை வந்து அவர்மேல் இடித்தாள்.

"என்னண்ணே, இந்தக் கடைசி ஓரத்துல வந்து நிக்கறீங்க?"

"துளி நகந்திருக்கும்" என்றார் சிங்காரம், கண்ணைத் திறக்காமலேயே.