கூடப் பிறந்தது

ஊசி மூக்கைத் துளைத்து வெளியே வந்தது. கண்ணில் நீர் முட்டியது.

நகைவேலை செய்யும் பத்தர் மூக்குத்தியைச் செருகித் திருகினார். ஒரு சொட்டு ரத்தம் உதட்டுக்கு மேலே வந்து நின்றது.

அவள் அவசரமாக முந்தானையால் ஒற்றினாள். ஒற்றிய இடத்தை உள்ளே மடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியாடி குட்டி, மாமி அழவே இல்ல" என்றாள் மாமியார், பேத்தியிடம்.

இதற்காகத்தான் அவளை முதலில் உட்கார வைத்தார்கள். அதைப் பார்த்து, காது குத்தப்போகும் குழந்தைக்குப் பயம் தெளியட்டும் என்று. மருமகள் வெறும் மூக்கோடு திரிகிறாள் என்ற குறையும் தீர்ந்த மாதிரி. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள்.

அந்த ஏனுக்குப் பயந்துதான் மூக்கைக் கொடுத்தாள்.

குழந்தைக்கு வேறு ஊசி எடுப்பார் என்று நினைத்திருந்தாள்.

பத்தர் அதே ஊசியைத் துண்டில் துடைத்தார். குழைத்த மஞ்சளில் ஒரு முறை தோய்த்தார். குழந்தையின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

குழந்தை தாய்மாமன் மடியில் இருந்தது.

தாய்மாமன் அவள் கணவன். கோவில் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரில், அவள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

ஹெபடைடிஸ் பி. கல்யாணமான புதிதில் சொன்னாள். அவன் போய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தான். கோபப்படவில்லை. ஒன்றுதான் கேட்டுக்கொண்டான். "வீட்டுல சொல்லிடாத. ஒண்ணாச் சாப்பிட்டா ஒட்டாதுன்னு சொன்னா யாரு நம்புவா? தட்டைப் பிரிச்சு வச்சிருவாங்க."

அவளும் சொல்லவில்லை. உடம்பும் காட்டிக் கொடுக்கவில்லை.

போன வாரம்தான் டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பிறக்கும்போதே உங்கம்மாகிட்ட இருந்து வந்தது. அந்த வயசுல உடம்புக்கு எது நம்மது, எது அந்நியம்னு தெரியாது. கூடப் பிறந்ததுன்னு நினைச்சு விட்டு வச்சிருச்சு. இத்தனை வருஷம் சண்டையே இல்ல. இப்பதான் உடம்பு முழிச்சிருக்கு.

"நல்லதுதானே டாக்டர்?"

அவர் கண்ணாடியை மேசையில் வைத்தார். கிருமி ஈரலை அரிக்காதும்மா. அதைப் பிடிக்கப் போற உங்க உடம்போட காவல்தான் ஈரலையும் சேர்த்து அடிக்குது. கிருமியும் ஒழியாது, அடிச்சு அடிச்சு அந்தக் காவல்தான் ஓய்ஞ்சு போகும். மாத்திரை ஆரம்பிப்போம்.

அன்றிலிருந்து வலது விலாவுக்குக் கீழே கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. வலி ஒன்றும் இல்லை. உள்ளே யாரோ கதவுகளைத் திறந்து திறந்து பார்ப்பது போல இருந்தது. பேசாமல் தூங்கியிருக்கக் கூடாதா என்று தன் உடம்பையே கெஞ்சியிருக்கிறாள்.

பத்தர் குழந்தையின் காது மடலில் பேனாவால் புள்ளி வைத்தார்.

காலையில் வேனில் வரும்போது நாத்தனார் தன் மகளைக் காட்டிச் சொன்னது ஞாபகம் வந்தது. "பிறந்தப்ப ஒரு ஊசி போட்டாங்க மதினி. அதுக்கே ரெண்டு நாள் காய்ச்சல். அப்புறம் எந்தத் தடுப்பூசிக்கும் நாங்க தூக்கிட்டே போகல."

அவள் கணவனைப் பார்த்தாள்.

அவனும் வேனில்தான் இருந்தான். அவனும் கேட்டான்.

குழந்தையின் தலையை அசையாமல் பிடித்திருந்தான். குனிந்திருந்தான். முகம் தெரியவில்லை.

சொல்வான். இதோ இப்போது சொல்வான்.

மேளக்காரர் குச்சியை ஓங்கினார். பத்தர் ஊசியைத் தூக்கினார்.

"அந்த ஊசி வேண்டாம்."

அவள் குரல்தான். அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"நல்லாத் தொடச்சாச்சும்மா" என்றார் பத்தர்.

"இவளுக்கு வலிச்சிருச்சு. அதான் பிள்ளைக்கு வக்காலத்து வாங்குறா" என்றாள் மாமியார். எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனாரும்.

"புது ஊசி வாங்கிட்டு வரச் சொல்லுங்க அத்தை."

"இந்தப் பொட்டக்காட்டுல எவன் கடை விரிச்சு வச்சிருக்கான்? நல்ல நேரம் முடியப் போகுது. நீங்க குத்துங்க பத்தரே."

ஊசி காதை நோக்கி இறங்கியது.

கணவனின் கை நகர்ந்தது. உள்ளங்கையால் குழந்தையின் காதை மூடிக்கொண்டான்.

"டேய் பாரி, கையை எடுடா" என்றாள் மாமியார்.

அவன் எடுக்கவில்லை. நிமிரவும் இல்லை. வாயையும் திறக்கவில்லை.

அவள் எழுந்து நின்றாள்.

"என் ரத்தத்துல கிருமி இருக்கு அத்தை. ஈரலைக் கெடுக்கிற கிருமி. அந்த ஊசி வழியாப் பிள்ளைக்கு வந்துரும்."

மேளக்காரர் குச்சியை மடியில் வைத்தார். நாத்தனார் பாய்ந்து வந்து குழந்தையைப் பிடுங்கி அணைத்துக்கொண்டாள். ஊசியிடமிருந்தா, அவளிடமிருந்தா, தெரியவில்லை.

மாமியார் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகனைத்தான் கேட்டாள்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமாடா?"

குழந்தை போன பிறகும் அவன் உள்ளங்கை அப்படியே குவிந்திருந்தது.

எங்கே தெரியாது என்று சொல்லிவிடுவானோ என்று, அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.