காதுக்குப் பின்னால் இரண்டு பொட்டு

செண்பகவல்லியின் புருவங்கள் நரைத்திருந்தன. பார்லரில் மருதாணியா, டையா என்று கேட்டார்கள். புருவங்களுக்கு வெளிப்பேச்சு கேட்காது. காதுதான் கேட்டுச் சொன்னது.

"மருதாணி," என்றது இடது புருவம். "டை," என்றது வலது.

"எது ஒத்துக்குதுன்னு பார்த்துடலாம்," என்று பார்லர்ப் பெண் காதுக்குப் பின்னால் மருதாணியில் ஒன்று, டையில் ஒன்று என இரண்டு பொட்டு வைத்து, மறுநாள் வரச் சொன்னாள்.

"நிறம் உங்களுக்கு. சோதனை மட்டும் எனக்கா?" என்றது காது.

"உன்னை யார் பார்க்கப் போறாங்க?" என்றன புருவங்கள்.

டை வைத்த இடம் தடித்துவிட்டது. நாள் முழுக்க அரிப்பு. அதனால் மறுநாள் இரண்டு புருவங்களுக்கும் மருதாணியே போட்டார்கள்.

வீட்டு வாசலிலேயே நாத்தனார் பார்த்துவிட்டாள். "என்ன அண்ணி, புருவம் இப்படிச் செம்பட்டையா ஆயிடுச்சு? நரையே தேவலை."

"என்ன சொல்றாங்க? எங்களைப் பத்தித்தானே?" புருவங்கள் இரண்டும் ஆசையாக உயர்ந்தன.

காதுக்கு இன்னும் அரித்துக்கொண்டுதான் இருந்தது. கொஞ்சம் யோசித்தது.

"எந்தப் பார்லர்னு கேட்கிறாங்க," என்றது. "அவங்களுக்கும் இதே மாதிரி வேணுமாம்."