தூக்கிய விரல்

பகல் காட்சி. மேடை வெளிச்சத்தில் தூசி மிதக்கிறது. நகைச்சுவைக் கலைஞர் மைக் ஸ்டாண்டின் உயரத்தைச் சரிசெய்கிறார். மனைவி செத்துப்போன பிறகு இதுதான் முதல் மேடை. திரையோரத்தில் அவள் எப்போதும் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் இன்று மகள். "என்னை ஒரு தடவை கிண்டல் பண்ணினா, உங்களையும் ஒரு தடவை பண்ணிக்கணும், சரிக்குச் சரி" என்பது மனைவி போட்ட சட்டம். அங்கிருந்தே ஒரு விரலைத் தூக்கி ஞாபகப்படுத்துவாள். அவர் தன்னைத்தானே கிண்டலடித்த பிறகுதான் மடக்குவாள். இன்றைக்கு அவள் பேச்சையே எடுக்கக் கூடாது என்றுதான் வந்தார். ஆனால் பழக்கதோஷம், நாக்கு முந்திக்கொள்கிறது. "என் பொண்டாட்டி குறட்டைய நம்பித்தான் பக்கத்து வீட்டுக்காரர் அலாரமே வைக்கிறதில்ல!" அரங்கம் குலுங்கிச் சிரிக்கிறது. இந்தச் சிரிப்பு ஓய்ந்தால் வீட்டில் இருக்கும் அதே அமைதி இங்கேயும் வந்துவிடும். கண் தானாகத் திரையோரம் போகிறது. மகள் உதட்டைக் கடித்தபடி ஒரு விரலைத் தூக்கியிருக்கிறாள். அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். "அது இல்லாம எனக்குத்தாங்க தூக்கமே வரமாட்டேங்குது." அரங்கம் இன்னும் பலமாகச் சிரிக்கிறது. விரல் மடங்கிவிட்டதா என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.