பன்னிரண்டாவது கம்பு

"நான் வரவே இல்லலே! காலையிலேர்ந்து இந்தக் கட்டில்லதான் கெடக்கேன். கணுக்காலைப் பாரு, பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு."

"அப்ப முன்னால போனது யாரு? எங்க ஆச்சியா?"

பக்கத்து அறையில் நான். ஒட்டுக்கேட்கவில்லை. பலகைச் சுவர், அவ்வளவுதான்.

நார்வேயில் ஒரு பனியாற்று ஓரத்து மரவீடு. கோடை ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் அபிநயாவும் சேவியரும். சமையலுக்கு நான். இரண்டு மாதமாக ஒரே சட்டியில் சோறு. மண்டபம் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்திருந்தேன்.

அவர்கள் வேலை இது. பனியில் பன்னிரண்டு கம்புகள். எவ்வளவு உருகியிருக்கிறது என்று கம்பைப் பார்த்து அளவெடுக்க வேண்டும்.

ஒரே கயிற்றின் இரு முனையில் இருவர். முன்னால் போகிறவர் அளவைப் படித்துக் கத்துவார். இருபது மீட்டர் பின்னால் வருகிறவர் அதையே திருப்பிக் கத்திவிட்டு எழுதுவார்.

தாளின் அடியில் இரண்டு கையெழுத்து. படித்தவர். எழுதியவர். ஒன்று குறைந்தாலும் பேராசிரியர் தாளைத் தொடமாட்டார்.

அன்று எடுத்தது கடைசி அளவு; தேதி மாறினால் செல்லாது. அது இல்லையென்றால் அவளுடைய கோடை முழுக்க வீண். முனைவர் பட்டம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

அவன் எழுந்ததே லேட். என்றைக்கு நேரத்தில் எழுந்தான்?

பனியாற்றுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் மூடுபனி. கயிற்றின் ஒரு முனை பனி விளிம்பில் கிடந்ததாம். மறுமுனை மூடுபனிக்குள். கோபத்தில் முந்திப் போய்விட்டாள் என்று இடுப்பில் மாட்டிக்கொண்டானாம்.

கயிற்றில் இரண்டு இழுப்பு.

புறப்படலாம் என்று அர்த்தம்.

"தமிழ்லதான் சொன்ன. மூணு புள்ளி நாலுன்னு. உன் குரல்டீ."

அவள் தாளைப் பிடுங்கும் சத்தம்.

பிறகு பேச்சு முணுமுணுப்பாயிற்று. சுவரில் காதை வைக்க வேண்டியதாயிற்று.

"பன்னெண்டுக்கும் அளவு போட்டிருக்க."

"ஆமா."

"பன்னெண்டாவது கம்பு போன மாசமே பனிப் பிளவுக்குள்ள விழுந்துட்டு. நாம ரெண்டு பேரும்தான எட்டிப் பாத்தோம்?"

அவன் குரல் இறங்கிவிட்டது.

"கத்துச்சு. திருப்பிக் கத்துனேன். கை தானா எழுதிட்டு."

கத்தினாய் என்று சொல்லவில்லை, கவனித்தேன்.

மறுநாள் நல்ல வெயில். காலில் துணியைச் சுற்றிக்கொண்டு அவனை இழுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு கம்பாகப் பார்த்தார்கள்.

முதல் கம்பு சரி. ஒரு நாளில் எவ்வளவு உருகுமோ அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு, சரி.

பதினொன்றும் சரி.

பிறகு பிளவின் விளிம்பில் அவள் குப்புறப் படுத்தாளாம். தலையை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவன் கூப்பிட்டானாம். எழவில்லையாம்.

திரும்பி வந்து இரண்டு பேரும் சாப்பிடவில்லை. என் ரசத்தைக் கொடுத்தேன். அதையும் தொடவில்லை.

"கிழிச்சுப் போட்டுரு அபிநயா. ஒரு வருஷம்தான. போனா போட்டும்."

அவள் பேனாவைத் தேடினாள். படித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டாவது கம்புக்கும் சேர்த்து.

அந்தக் கோடையோடு சேவியர் படிப்பை விட்டுவிட்டான். இப்போது ஊர்ப்பக்கம் நாசரேத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சொந்தத்திலேயே பெண். இரண்டு குழந்தைகள். தொப்பை போட்டுவிட்டான்.

அபிநயாவுக்குப் பட்டம் கிடைத்தது. மாப்பிள்ளை பாளையங்கோட்டையில் பல் டாக்டர். தங்கமான மனுஷன்.

அவள்தான் வீட்டில் இருப்பதில்லை. நார்வேயிலேயே வேலையை வாங்கிக்கொண்டாள். கோடைதோறும் பனியாற்றில் அவள்தான் அளவெடுக்கிறாள்.

துணைக்கு ஆள் அனுப்புகிறோம் என்றால் வேண்டாம் என்கிறாளாம்.

கயிற்றின் பின்முனையில் அவள் மட்டும் போகிறாளாம்.