தொய்வு பிடிக்காத கேபிள்

மோட்டார் சைக்கிளில் புதிதாகப் பூட்டப்பட்ட கிளட்ச் கேபிளுக்குத் தன் விறைப்பில் அபாரப் பெருமை. மெக்கானிக் தனக்குக் கொஞ்சம் தொய்வு விட்டிருந்ததை அது அவமானமாக எடுத்துக்கொண்டது.

"ஏ நட்டே, இன்னும் இறுக்கு. பழைய கேபிளைப் போலத் தொங்கிக் கிடக்க நான் வரவில்லை," என்றது.

"அந்தத் தொய்வு வேண்டும் ஐயா," என்றது கேபிளின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் நட்டு. "கைப்பிடியிலுள்ள கிளட்ச் லீவரை விட்டதும் நீங்களும் விட்டால்தான் உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கும். அவை பிடித்தால்தான் சக்கரம் சுழலும்."

"சோம்பேறிகள் சொல்லும் சாக்கு இது!"

நட்டுக்கு வாதாடிப் பழக்கமில்லை. வண்டி குலுங்கிய குலுங்கலில் மெல்லத் திரும்பி, கேபிளை முழுக்க இறுக்கிவிட்டது.

மறுநாள் ஒரு மேட்டுச் சாலையில் எஞ்சின் அலறியது, வண்டியோ நகரவில்லை. உள்ளேயிருந்து பிளேட்டுகள் கத்தின.

"கொஞ்சம் விடுங்கள் அண்ணே! சேர்ந்து பிடிக்க முடியாமல் வழுக்குகிறோம். உடம்பெல்லாம் எரிகிறது!"

"அடச்சீ, நடிக்காதீர்கள்! நான் இழுத்துப் பிடிப்பதால்தான் நீங்கள் இந்த அளவுக்காவது வேலை செய்கிறீர்கள்," என்றது கேபிள்.

கருகல் நாற்றம் எழுந்தது. வண்டிக்காரர் இறங்கி, மூச்சு வாங்க வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்.

அங்கே கருகிய பிளேட்டுகளைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, புதியவற்றை மாட்டினார்கள். கேபிள் அவற்றை ஏற இறங்கப் பார்த்தது.

"முன்பிருந்தவர்கள் எதற்கும் லாயக்கில்லாதவர்கள்," என்று அவற்றை வரவேற்றது. "ஏதோ, நான் ஒருவன் இருந்ததால் வண்டி அந்த மேடு வரைக்குமாவது போனது."