புது ரெயின்கோட்

“புத்தம் புது ரெயின்கோட், டாக்டர். மைசூர்லயே வாங்கி, நானே கொண்டுபோய் அவன் கையில குடுத்தேன். போட்டுக்கிட்டு மருந்தடிடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாத்தானே!”

மைசூர் விஜயநகரில் குடியிருக்கும் ஆறுமுகசாமிக்கு ஹனூர் பக்கம் எலுமிச்சைத் தோட்டம். அங்கே பத்து வருஷமாக வேலை பார்த்த கெம்பையன்தான் இப்போது மைசூர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். கொள்ளேகால் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவன் பெண்டாட்டி பாப்பாயி போன் பண்ணித்தான் அவருக்கே விஷயம் தெரியும்.

களைக்கொல்லி அடிக்கும்போது முதுகில் மாட்டியிருந்த டேங்க் ஒழுகியிருக்கிறது. நனைந்த சட்டையோடே இரண்டு நாள் அடித்திருக்கிறான். முதுகு முழுக்கக் கொப்புளம். தோல் வழியாக இறங்கிய விஷம் நுரையீரலைப் பிடித்துவிட்டது.

“டேங்க் ஒழுகுறது உங்களுக்குத் தெரியாதா?” டாக்டர் அனுப்ரியா கேட்டார்.

“வாஷர் போச்சுன்னு சொன்னான். அடுத்த தடவை மாத்திக்கலாம்னு விட்டுட்டேன். அதுக்குத்தானே ரெயின்கோட்? வாங்கிக் குடுக்கத்தான் முடியும், மாட்டியுமா விட முடியும்? இந்த ஜனங்களுக்கு உயிர்னா அவ்வளவு அலட்சியம்.”

வார்டில் இருந்தவர்கள்கூட உச்சுக் கொட்டினார்கள். புதுக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது விஷத்தில் நனைவார்களா?

“ஏம்மா, நீயாவது சொல்லக் கூடாதா? அதைப் போட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?” டாக்டர் பாப்பாயியிடம் கோபமாகக் கேட்டார்.

பாப்பாயி வாய் திறக்கப் போனாள். கெம்பையன் வேண்டாம் என்று தலையை அசைத்தான்.

“வித்துக் குடிச்சிருப்பான்” என்றார் ஆறுமுகசாமி, கொஞ்சமும் கூசாமல்.

அன்று சாயங்காலம் கெம்பையனின் மூச்சு அடங்கியது.

ஆறுமுகசாமிக்கும் கண் கலங்கத்தான் செய்தது. “ஒரு கோட்டை மாட்டிக்க இவனுக்கு வலிச்சுதா? பாவி, இப்படியா சாவான்?”

அதற்கு மேல் பாப்பாயிக்குத் தாங்கவில்லை.

“விக்கலீங்க. வெட்டிப்போட்டாருங்க. தெரிஞ்சா நீங்க வைவீங்கன்னு என்னையும் சொல்ல விடலீங்க.”

“வெட்டினானா? எதுக்கு?”

“புதுசா நட்ட எலுமிச்சங்கன்னுத் தண்டுல மருந்து பட்டாக் கருகிப்போயிருமுங்க. ஒண்ணு கருகினாலும் தோட்டத்துப் பக்கமே வரக்கூடாதுன்னு நீங்க சொல்லிப்போட்டுப் போனீங்க. இருந்த சாக்கையெல்லாம் சுத்தியும் அறுபது கன்னுக்குப் பத்தலீங்க. அதான் கோட்டைக் கிழிச்சு அதுகளுக்குக் கட்டினாருங்க.”



ஆறுமுகசாமியின் முகம் போன போக்கைப் பார்த்து, கோபித்துக்கொண்டாரோ என்று பயந்துபோன பாப்பாயி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“கன்னுகளுக்கு ஒண்ணும் ஆகலீங்க, சாமி. எல்லாம் நல்லா இருக்குதுங்க.”